சமூக ஒழுங்கும் செயல்பாட்டுவாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக ஒழுங்கைச் சமூகவியல் ஏன் ஒரு சிக்கலாகப் பார்க்கிறது?

ஓர் ஊரில் கலவரம் மூண்டால் அதற்குக் காரணம் தேடாதவர் இல்லை. மற்ற நாட்களில் முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் பெரிய மோதல் இன்றி அருகருகே வாழ்வதற்கும் காரணம் தேவை என்பதைச் சிலரே உணர்கிறார்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்ட தாமஸ் ஹாப்ஸ், 1651-இல் வெளிவந்த ‘லெவயத்தன்’ நூலில் இதைக் கூர்மையாக எழுப்பினார். மனிதர்கள் தத்தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள முனைகிறார்கள். விரும்பப்படும் பொருட்களோ எல்லோருக்கும் போதுமானவையாக இல்லை. ஆகவே தடுப்பார் இல்லாத நிலையில் வன்முறையும் வஞ்சகமுமே எளிய வழிகளாகி, ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் பகையாவார்கள் என்பது அவர் வாதம். எல்லோரும் தங்கள் உரிமையை ஓர் இறையாண்மையிடம் ஒப்படைத்து அதற்கு அஞ்சி நடப்பதே அவர் கண்ட தீர்வு.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1937-இல் வெளியிட்ட ‘சமூகச் செயலின் கட்டமைப்பு’ என்னும் நூலில் இதையே ‘ஹாப்ஸின் ஒழுங்குச் சிக்கல்’ என்று எடுத்துக்கொண்டு, தமக்கு முந்தைய கோட்பாட்டாளர்களை இந்தக் கேள்வியின் வழியே வாசித்தார். அச்சம் மட்டுமே ஒழுங்கைக் காப்பாற்றாது என்பது அவர் நிலை. தெருவுக்கொரு காவலரை நிறுத்தினாலும், அந்தக் காவலர் விதிப்படி நடப்பதற்கு வேறொரு காரணம் வேண்டுமல்லவா?

செவ்வியல் கோட்பாடுகள் இதற்கு ஒரே விடையைத்தான் தருகின்றனவா?

இல்லை. பாடநூல்கள் இவற்றை ஒரே வரிசையில் அடுக்குவதால் அப்படியொரு தோற்றம் எழுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய குழப்பத்தில் வளர்ந்த ஆகஸ்ட் காம்ட் (1798–1857), சமூகத்தைப் பற்றிய அறிவியலை நிலைப்பு, இயக்கம் என இரண்டாகப் பிரித்தார். பொதுவான நம்பிக்கைகள் குலைந்ததே தம் காலத்தின் நோய் என்று கருதியவர் அவர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் (1820–1903) சமூகத்தை ஓர் உயிரியோடு ஒப்பிட்டார்: அளவு பெருகப் பெருக உறுப்புகள் வேறுபடுகின்றன, வேறுபட்ட உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன. இந்த ஒப்புமைதான் பின்னாளில், ஒரு வழக்கத்தை அது ஆற்றும் பணியைக் கொண்டு விளக்கும் செயல்பாட்டுவாதத்தின் அடையாளமாக ஆயிற்று. ஆனால் ஸ்பென்சரே அதை எல்லை கடந்து நீட்டவில்லை. உயிரியில் உணர்வு ஓரிடத்தில் குவிந்திருக்கிறது, சமூகத்தில் அது ஒவ்வொரு மனிதரிடமும் பரவியிருக்கிறது என்றும், எனவே சமூகம் தன் உறுப்பினர்களின் நலனுக்காகவே இருக்கிறது என்றும் அவர் எழுதினார்.

கார்ல் மார்க்ஸின் விடை முற்றிலும் வேறு தளத்தில் நிற்கிறது. உற்பத்திச் சாதனங்களைக் கைக்கொண்ட வர்க்கத்தின் கருத்துகளே அந்தந்தக் காலத்தின் ஆளும் கருத்துகளாகவும் இருக்கின்றன என்னும்போது, ஒழுங்கு என்பது ஒருவர் மற்றவர் மீது பெற்ற வெற்றியின் அமைதியான வடிவம் ஆகிவிடுகிறது. மாக்ஸ் வெபர் (1864–1920) இந்த விடைகளுக்கு இடைப்பட்ட ஒரு கேள்வியைக் கேட்டார்: கட்டளைக்குக் கீழ்ப்படிபவர் அதை ஏன் முறையானது என்று ஏற்கிறார்? மரபின் மீதான மதிப்பு, ஒரு தலைவரின் அசாதாரண ஆற்றல் மீதான நம்பிக்கை, விதிகளின் சட்டபூர்வத் தன்மை என மூன்று வகையான அதிகாரங்களை அவர் வகுத்தது இதற்காகவே. ஆதாயம், பழக்கம், அச்சம் ஆகியவையும் மனிதர்களைக் கீழ்ப்படியச் செய்கின்றன என்பதை வெபர் மறந்ததே இல்லை. பார்சன்ஸ் அவரை வாசித்தபோதுதான் அந்தப் பகுதி மங்கிப்போயிற்று.

எமில் துர்க்கைமின் விடை என்ன?

1893-இல் வெளிவந்த ‘சமூகத்தில் வேலைப் பிரிவினை’ நூலில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் (1858–1917) இரண்டு வகை ஒருமைப்பாட்டைக் காட்டினார். எல்லோரும் ஏறக்குறைய ஒரே தொழிலைச் செய்து, ஒரே நம்பிக்கைகளைக் கொண்டு, ஒருவரைப்போல் மற்றவர் இருக்கும் சமூகத்தில் அந்த ஒற்றுமையே பிணைப்பு. இது இயந்திர ஒருமைப்பாடு. தொழில்கள் பிரிந்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாத நிலையில், ஒருவரின்றி மற்றவர் வாழ இயலாமையே பிணைப்பு. இது உயிர்ம ஒருமைப்பாடு. இந்த நூலின் உண்மையான புதுமை பெயர்களில் இல்லை, சான்றைத் தேடிய விதத்தில் இருக்கிறது. ஒருமைப்பாட்டைக் கண்ணால் காண முடியாது என்பதால், கண்ணுக்குத் தெரியும் சட்டத்தை அவர் அதன் அளவுகோலாக எடுத்தார். பொது உணர்வைப் புண்படுத்தியவரைத் தண்டிக்கும் சட்டங்கள் முதல் வகைக்கு அடையாளம்; ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு பெற்று உறவைச் சீர்செய்யும் சட்டங்கள் இரண்டாம் வகைக்கு அடையாளம்.

ஒப்பந்தம் பற்றிய அவரது வாதம் இன்றும் கூர்மை மழுங்காதது. தனிமனிதர்கள் தம் ஆதாயத்துக்காகச் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களே சமூகத்தைக் கட்டுகின்றன என்றார் ஸ்பென்சர். எந்த ஒப்பந்தம் செல்லும், எது செல்லாது, ஏமாற்றிப் பெற்ற கையெழுத்துக்கு மதிப்புண்டா என்பவற்றையெல்லாம் ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் விதிகளே முடிவு செய்கின்றன என்று துர்க்கைம் மறுத்தார். கையெழுத்திடும் இருவரும் தாங்கள் உருவாக்காத ஒன்றை நம்பித்தான் கையெழுத்திடுகிறார்கள்.

தற்கொலை பற்றிய அவரது ஆய்வுக்கும் ஒழுங்குக்கும் என்ன தொடர்பு?

மிகவும் தனிப்பட்டதாகத் தோன்றும் ஒரு செயலிலும் சமூகத்தின் தடத்தைக் காட்ட முடியுமானால் சமூகவியலுக்குத் தனி இருப்பு உண்டு என்று துர்க்கைம் கருதினார். 1897-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்காக, அவருடைய சகோதரியின் மகன் மார்செல் மோஸ், தற்கொலை செய்துகொண்ட சுமார் 26,000 பேரின் பதிவுகளை வயது, பால், மணநிலை என வகைப்படுத்தித் தந்தார். அந்தப் பதிவுகளைப் பார்க்க வழிசெய்தவர், துர்க்கைமின் கோட்பாட்டு எதிரியும் நீதித்துறைப் புள்ளிவிவரப் பிரிவின் தலைவருமான காப்ரியேல் தார்து என்பது கல்வி உலகின் வேடிக்கைகளில் ஒன்று.

ஒரு நாட்டின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறவில்லை. ஆனால் கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்டுகளிடமும், மணமானவர்களைவிட மணமாகாதவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. 1873-இல் வியன்னாவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியின்போது விகிதம் உயர்ந்ததற்கு வறுமையைக் காரணம் காட்டிவிடலாம். ஆனால் 1870-க்குப் பின் இத்தாலியில் கூலியும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்த காலத்திலும் அது உயர்ந்தது. விருப்பங்களுக்கு எல்லை வகுக்கும் நெறிகள், வீழ்ச்சியாலோ திடீர் ஏற்றத்தாலோ தளரும்போது மனிதர் திசையிழக்கிறார் என்பதே துர்க்கைமின் விளக்கம். இதற்கு அவர் தந்த பெயர் நெறியின்மை. பதிவேடுகளே சமூகச் சூழலுக்கேற்ப எழுதப்படுகின்றன, கத்தோலிக்கக் குடும்பங்கள் இத்தகைய மரணங்களை மறைத்திருக்கக்கூடும் என்ற எதிர்வாதம் வலுவானது. மதம் பற்றிய முடிவை அது அசைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

குற்றம் இயல்பானது என்று துர்க்கைம் சொன்னது உண்மையா?

உண்மை. குற்றமே இல்லாத சமூகம் இல்லை என்பதாலும், குற்றத்தைக் கண்டு மக்கள் கொள்ளும் சினம் பொது நெறியைப் புதுப்பிக்கிறது என்பதாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக் குற்றம் இயல்பானது என்றார். சாக்ரடீஸ் ஏதென்ஸின் சட்டப்படி குற்றவாளி. ஆனால் அவரது குற்றம் நாளைய நெறிக்கு வழி திறந்தது. குற்றவாளியைப் பாராட்ட வேண்டும் என்றோ தண்டனை கூடாது என்றோ இதற்குப் பொருள் இல்லை.

அப்படியானால் செயல்பாட்டுவாதம் என்பது என்ன?

ஒரு வழக்கத்தையோ நிறுவனத்தையோ, அது தான் அடங்கியுள்ள முழுமைக்கு ஆற்றும் பணியைக் கொண்டு விளக்குவது செயல்பாட்டுவாதம். ஒழுங்குச் சிக்கலுக்கு அது தரும் விடை சுருக்கமானது: பகுதிகள் ஒன்றுக்கொன்று உதவுவதால் முழுமை நிலைக்கிறது.

இங்கேதான் படிப்பவர்கள் நின்று நிதானிக்க வேண்டும். 1895-இல் வெளியான ‘சமூகவியல் முறையின் விதிகள்’ நூலின் ஐந்தாம் இயலில் துர்க்கைம் ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்தார்: ஒரு சமூக உண்மையை விளக்கும்போது அதை உண்டாக்கிய காரணத்தையும் அது ஆற்றும் பணியையும் தனித்தனியே ஆராய வேண்டும். ஒரு பொருள் பயனுள்ளது என்பதால் மட்டும் அது உண்டாகிவிடுவதில்லை. ஒரு நோக்கத்துக்காகத் தோன்றிய வழக்கம் வேறொரு பயனால் நீடிக்கலாம், எந்தப் பயனும் இன்றிப் பழக்கத்தாலும் நீடிக்கலாம். செயல்பாட்டுவாதத்தின் மீது பின்னாளில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் பாதி, இந்த ஒரு பத்தியை அதன் ஆதரவாளர்களே மறந்ததால் விளைந்தவை என்பது என் கருத்து.

மாலினோவ்ஸ்கியும் ராட்கிளிஃப்-பிரவுனும் ஒரே கொள்கையினரா?

இருவரும் மானிடவியலாளர்கள். இருவரின் முதன்மை நூல்களும் 1922-இல் வெளிவந்தன. கொள்கையில் இருவரும் உடன்பட்டதில்லை. போலந்தில் பிறந்த பிரானிஸ்லா மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்குக் கிழக்கேயுள்ள டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி, மக்களின் மொழியைக் கற்று ஆராய்ந்தவர். அவருக்குப் பணி என்பது இறுதியில் தனிமனிதத் தேவையை நிறைவுசெய்வது. அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு மீன்பிடிப்பு பற்றியது. உட்கடல் காயலில் நஞ்சூட்டி மீன் பிடிக்கும்போது ஆபத்து இல்லை, மீன் கிடைப்பதும் உறுதி; அங்கே மந்திரச் சடங்கு எதுவும் இல்லை. திறந்த கடலில் உயிருக்கும் உறுதியில்லை, பிடிபடும் மீனுக்கும் உறுதியில்லை. அங்கே விரிவான மந்திரச் சடங்குகள் உண்டு. அறிவும் திறமையும் முடியும் இடத்தில் மந்திரம் தொடங்குகிறது, அது அச்சத்தைத் தணித்து மனிதரைச் செயலில் நிறுத்துகிறது என்றார் அவர். அதே தீவினர் தம் கடலையே இரண்டு விதமாக அணுகுவதைக் காட்டியதால், பழங்குடிகள் எதற்கெடுத்தாலும் மந்திரத்தை நாடுபவர்கள் என்ற ஐரோப்பியக் கற்பனையும் உடைந்தது.

அந்தமான் தீவுகளில் ஆய்வு செய்த ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் இதை நேர்மாறாகத் திருப்பினார். சடங்கு அச்சத்தைத் தணிக்கிறது என்பதைவிட, சடங்கும் அதைச் சுற்றிய நம்பிக்கையும் இல்லாவிட்டால் அந்த அச்சமே எழாது என்றும் சொல்லலாம் என்றார். தனிமனிதத் தேவையை விட்டுவிட்டு, உறவுகளின் கட்டமைப்பு தொடர்ந்து நிலைக்க ஒரு வழக்கம் என்ன செய்கிறது என்று மட்டுமே கேட்டார். கட்டமைப்புச் செயல்பாட்டுவாதம் என்னும் தொடர் பெரும்பாலும் இவருடைய வழியையும் பார்சன்ஸின் வழியையுமே குறிக்கிறது.

பார்சன்ஸின் கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும், அவர்தான் அப்படிச் செய்யவில்லை. சி. ரைட் மில்ஸ் 1959-இல், பார்சன்ஸின் நீண்ட பத்திகளைச் சில வரிகளாக மாற்றிக் காட்டிவிட்டு, 555 பக்கமுள்ள ‘சமூக அமைப்பு’ நூலை ஏறக்குறைய 150 பக்கத்தில் எளிய நடையில் எழுதிவிடலாம் என்று கேலி செய்தார்.

எந்தச் சமூக அமைப்பும் நிலைக்க நான்கு தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார் பார்சன்ஸ்: சூழலுக்குத் தகவமைதல், இலக்குகளை வகுத்து அடைதல், பகுதிகளை ஒருங்கிணைத்தல், விழுமியங்களைக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தல். பொருளாதாரம், அரசியல், சட்டம் முதலியவை முதல் மூன்றையும், குடும்பமும் கல்வியும் சமயமும் நான்காவதையும் முதன்மையாக நிறைவேற்றுகின்றன. ஹாப்ஸுக்கு அவர் தந்த மறுமொழி இந்த நான்காவதில் இருக்கிறது. பொது விழுமியங்கள் குழந்தைப் பருவத்திலேயே மனத்துக்குள் பதிந்துவிடுவதால், சமூகம் எதிர்பார்ப்பதையே மனிதரும் விரும்பத் தொடங்குகிறார்.

இந்த உயரமான கட்டடத்தில் தரையைத் தொடும் ஓர் அறை ‘நோயாளி’ என்னும் பாத்திரம் பற்றிய இயல். நோயுற்றவர் வழக்கமான கடமைகளிலிருந்து விடுபடுகிறார், தம் நிலைக்கு அவர் பொறுப்பாளி அல்லர்; ஆனால் குணமடைய விரும்ப வேண்டும், தகுதியுள்ள மருத்துவரை நாட வேண்டும் என்ற கடமைகள் அவருக்கு உண்டு. நோய் என்பது உடலில் நிகழ்வதோடு, சமூகம் அனுமதித்து வரையறுக்கும் ஒரு விலகலும் ஆகும் என்ற இந்தப் பார்வை மருத்துவச் சமூகவியலுக்கு அடித்தளமிட்டது. நீரிழிவு போல வாழ்நாள் முழுதும் தொடரும் நோய்களுக்கு இது சரியாகப் பொருந்துவதில்லை.

மெர்ட்டன் இதை எவ்வாறு திருத்தினார்?

பார்சன்ஸிடம் ஹார்வர்டில் பயின்ற ராபர்ட் மெர்ட்டன் (1910–2003), 1949-இல் மூன்று முற்கோள்களைக் கைவிடச் சொன்னார். ஒரு வழக்கம் சமூகம் முழுமைக்கும் நன்மை செய்கிறது என்பது ஒன்று. நிலைத்திருக்கும் எதற்கும் ஒரு நற்பணி உண்டு என்பது மற்றொன்று. அந்தப் பணிக்கு அதுவன்றி வேறு வழியில்லை என்பது மூன்றாவது. அமைப்பைக் குலைக்கும் விளைவுகளுக்குப் பிறழ்பணி என்றும், ஒரே பணியை வேறு வழியிலும் நிறைவேற்றக்கூடியவற்றுக்கு மாற்றுகள் என்றும் பெயரிட்டார். அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மழைச் சடங்கு மழையைத் தராவிட்டாலும், சிதறி வாழ்பவர்களை ஒன்றுகூட்டுகிறது. முன்னது வெளிப்படையான நோக்கம், பின்னது உள்ளுறைந்த பணி.

அமெரிக்க நகரங்களின் கட்சி இயந்திரம், அதாவது உதவிகள் செய்து ஆதரவைத் திரட்டும் உள்ளூர்க் கட்சி அமைப்பு, பற்றிய அவரது பகுதி இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஊழல் மலிந்த உள்ளூர்த் தலைவர்களைச் சீர்திருத்தக்காரர்கள் பலமுறை தோற்கடித்தும் அவர்கள் மீண்டு வந்தது ஏன்? வேலை இழந்தவருக்கும் புதிதாகக் குடியேறியவருக்கும், படிவங்களோ இழிவான விசாரணையோ இன்றி, அந்தத் தலைவர் வட்டத்துக்கு வட்டம் உதவினார்; தொழிலதிபர்களுக்கு அரசு அலுவலகங்களில் குறுக்குவழி காட்டினார். அந்தப் பணிகளை ஏற்க வேறொன்றை அமைக்காமல் இயந்திரத்தை மட்டும் அகற்றுவது வீண்முயற்சி என்றார் மெர்ட்டன். இங்கே பணி யாருக்கு என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. பார்சன்ஸிடம் பெரும்பாலும் இல்லாதது அதுவே.

ஏற்றத்தாழ்வும் சமூகத்துக்குத் தேவை என்று இவர்கள் வாதிட்டார்களா?

அமெரிக்கச் செயல்பாட்டுவாதிகளான கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945-இல் அப்படித்தான் வாதிட்டார்கள். முக்கியமான பதவிகளுக்கு அரிய திறமையும் நீண்ட பயிற்சியும் தேவை. அவற்றுக்குத் தகுந்தவர்கள் வர வேண்டுமானால் கூடுதல் வெகுமதி வேண்டும் என்பது அவர்கள் கருத்து. மெல்வின் டூமின் 1953-இல் மறுத்தார்: எந்தப் பதவி முக்கியமானது என்பதை ஊதியத்தைக் கொண்டே முடிவு செய்வது சுற்றிவளைத்த வாதம், அதோடு, ஏற்றத்தாழ்வே ஏழைகளின் திறமை வெளிப்படாமல் தடுக்கிறது. மறுப்பு வென்றது என்றே நான் கருதுகிறேன்.

இந்தியச் சமூகவியலில் இதன் தாக்கம் என்ன?

நேரடியான தாக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப்-பிரவுனிடம் பயின்ற எம். என். சீனிவாஸ், 1952-இல் வெளியிட்ட குடகு மக்கள் பற்றிய நூலில், சடங்குகள் குடும்பத்தையும் ஊரையும் சாதிகளையும் எவ்வாறு பிணைக்கின்றன என்று ஆராய்ந்தார். அதற்கு முன்பே 1936-இல் வில்லியம் வைசர், உத்தரப் பிரதேசச் சிற்றூர் ஒன்றின் ஜஜ்மானி முறையை, சாதிகள் ஒன்றுக்கொன்று சேவை செய்யும் ஏற்பாடாக விவரித்திருந்தார். நிலம் வைத்திருப்பவருக்கும் தானியக் கூலிக்காகக் காத்திருப்பவருக்கும் இடையே உள்ள வலிமை வேறுபாடு அந்தச் சித்திரத்தில் மங்கலாகவே தெரிந்தது. 1959-இல் தாமஸ் பைடல்மன் அதே முறையைச் சுரண்டலாக வாசித்துக் காட்டினார்.

வைசரின் நூல் வெளிவந்த அதே 1936-இல் அம்பேத்கர், சாதி வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே ஏறுவரிசையில் பிரிப்பது என்று எழுதினார். சாதியைத் தொழில் பங்கீடாக நியாயப்படுத்தியவர்களுக்கு அது மறுமொழி. துர்க்கைமின் பக்கங்களைப் புரட்டினால் இதற்கு இணையான ஓரிடம் உண்டு. வேலைப் பிரிவினை எல்லா இடத்திலும் ஒருமைப்பாட்டைத் தரும் என்று அவர் சொல்லவில்லை. பிறப்பால் தொழில் திணிக்கப்படும் இடத்தில், வர்க்கமும் சாதியும் பூசலுக்கே காரணமாகின்றன என்று ‘திணிக்கப்பட்ட வேலைப் பிரிவினை’ பற்றிய இயலில் எழுதினார். பாடக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த இயலுக்கு முன்பே நின்றுவிடுகின்றன.

செயல்பாட்டுவாதம் மாற்றத்தையும் மோதலையும் விளக்க முடியாததா?

ரால்ஃப் டாரன்டார்ஃபும் மில்ஸும் 1950-களின் இறுதியிலும், ஆல்வின் கோல்ட்னர் 1970-இலும் இந்தக் குற்றச்சாட்டை முன்வைத்தனர். அது ஓரளவே சரி. லூயிஸ் கோசர் 1956-இலேயே மோதல் ஆற்றும் பணிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். இதைவிட ஆழமான குறை தர்க்கத்தில் இருக்கிறது. ஒரு வழக்கத்தின் விளைவு நன்மையானது என்று காட்டினால் போதாது; அந்த நன்மை திரும்பி வந்து அந்த வழக்கத்தை நீடிக்கச் செய்யும் வழி எது என்றும் காட்ட வேண்டும். மார்க்ஸியத்துக்குள் ஜி. ஏ. கோஹனும் யான் எல்ஸ்டரும் நடத்திய விவாதம் இதைப் பற்றியதே. அந்த வழியைக் காட்டாத மார்க்ஸியமும், ‘முதலாளித்துவத்துக்குத் தேவை என்பதால் பள்ளிகள் இப்படி இருக்கின்றன’ என்று சொல்லும்போது செயல்பாட்டுவாதத்தின் அதே பிழையைத்தான் செய்கிறது.

இன்று யாரேனும் செயல்பாட்டுவாதிகளாக இருக்கிறார்களா?

அந்தப் பெயரோடு சிலரே உண்டு. ஜெஃப்ரி அலெக்சாண்டர் 1980-களில் நவச் செயல்பாட்டுவாதம் என்ற முயற்சியைத் தொடங்கினார். ஜெர்மனியின் நிக்லாஸ் லூமன், பொது விழுமியம் என்ற அடித்தளத்தை விட்டுவிட்டு, சட்டமும் பொருளாதாரமும் அறிவியலும் தத்தம் தொடர்பாடலால் தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் அமைப்புகள் என்று 1984-இல் எழுதினார்.

பொது விழுமியங்கள் இல்லையென்றால் ஒழுங்கை வேறு எப்படி விளக்குவது?

பார்சன்ஸின் மாணவர் ஹெரால்டு கார்ஃபிங்கல் தேடிச் சென்ற விடை தனித்து நிற்கிறது. தம் மாணவர்களிடம், சொந்த வீட்டில் கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, வாடகைக்குத் தங்கியிருப்பவர்போல நடந்துகொள்ளச் சொன்னார். குளிர்பதனப் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்பது, கேட்டாலன்றிப் பேசாமல் இருப்பது, பெற்றோரிடம் அளவுகடந்த மரியாதை காட்டுவது என்று நடந்தவர்களின் வீடுகளில் திகைப்பும் கோபமும் எழுந்தன: உனக்கு உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, யாரோடாவது சண்டையா என்று கேட்டார்கள். மரியாதையாக இருக்க வேண்டும் என்ற விழுமியத்தை அந்த மாணவர்கள் மீறவில்லை. சொல்லப்போனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கடைப்பிடித்தார்கள். ஆகவே குடும்பத்தினர் எதிர்பார்த்தது, எந்த விழுமியப் பட்டியலிலும் எழுதப்படாத, இந்த வீட்டில் இவரோடு எப்படி நடந்துகொள்வது என்ற நடைமுறை அறிவை. ஒழுங்கை மனிதர்கள் கணத்துக்குக் கணம் ஒருவருக்கொருவர் செய்துகாட்டி நிறுத்துகிறார்கள் என்று 1967-இல் வெளியான நூலில் கார்ஃபிங்கல் வாதிட்டார். அந்த அறிவு வீட்டுக்குள் எப்படிப் பிழைக்கிறது என்பதை அவர் காட்டினார். நீதிமன்றமோ சந்தையோ அளவிலான ஒழுங்கு அதிலிருந்து எப்படிக் கட்டப்படுகிறது என்ற பகுதியைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது.